வீட்டில் காய்ச்சிய பீருக்கு பாட்டிலில் கேஸ் ஏற்றுவது எப்படி? 4 வழிகள், ஒரே ஒரு எச்சரிக்கை!

மூணு வாரம் பொறுமையா காத்திருந்து, பக்கெட்டில் நொதிக்கவைத்த பீர் ரெடி. ருசி பார்த்தால் கசப்பு இருக்கிறது, மணம் இருக்கிறது. ஆனால், 'சுர்ர்ர்'னு நாக்கில் ஏறுகிற அந்த விஷயம் மட்டும் இல்லை. ஆறிப்போன டீ மாதிரி சப்பென்று இருக்கிறது. காரணம், அதில் கேஸ் இல்லை. அதை ஏற்றுவதுதான் கடைசி வேலை. சொல்லப்போனால், மொத்த வேலையிலும் கையைச் சுடக்கூடிய இடம் இதுதான். கொஞ்சம் குறைந்தால் சப்பென்று போகும். கொஞ்சம் கூடினால் பாட்டில் வெடிக்கும்.

ஆரம்பத்திலேயே ஒரு விஷயம். தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். 'நானே குடிக்கத்தான் செஞ்சேன்' என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ஸோ, இந்தக் கட்டுரை அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஊர்களில் இருக்கிறவர்களுக்கானது. பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை என்று 1963-ல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். சிங்கப்பூரில் 2004-லிருந்து சொந்த உபயோகத்துக்கு, அளவுக் கட்டுப்பாட்டோடு அனுமதி உண்டு. லண்டன், மெல்போர்ன், டொரொன்டோ பக்கம் ஹோம்ப்ரூ கிட் கடையிலேயே கிடைக்கும்.

'அப்போ நமக்கு இதுல என்ன இருக்கு?' என்று கேட்கிற சென்னை, மதுரை வாசகர்களே, கொஞ்சம் இருங்கள். வீட்டில் கொம்புச்சா போடுகிறீர்களா? யூடியூப் பார்த்து ஜிஞ்சர் சோடா நொதிக்கவைக்கிறீர்களா? உங்கள் சமையலறையிலும் நடப்பது இதே அறிவியல்தான். இதே ஆபத்துதான்.

இட்லி மாவும் பீரும் ஒண்ணுதான்!

ராத்திரி கரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி, பாத்திரத்தைத் தாண்டி வழிகிறது அல்லவா? உள்ளே இருக்கிற நுண்ணுயிர்கள் மாவைத் தின்று கேஸ் விடுகின்றன. பீரில் அந்த வேலையைச் செய்வது யீஸ்ட். அது சர்க்கரையைத் தின்று, கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி எடையில் ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடுமாக மாற்றிவிடுகிறது. திறந்த பக்கெட்டில் அந்த கேஸ் பெரும்பாலும் காற்றில் போய்விடும். மூடிய பாட்டிலில் போக வழியில்லாமல் பீருக்குள்ளேயே கரைந்துவிடும். திறக்கும்போது வருகிற 'டப்' சத்தம் அதுதான்.

நம்ம ஊர் கோலி சோடாவுக்கும் பீருக்கும்கூட பழைய உறவு உண்டு. 1767 வாக்கில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானியின் வீட்டுப் பக்கத்தில் ஒரு பீர் ஆலை இருந்தது. அங்கே பீர் நொதிக்கிற தொட்டிக்கு மேலே தேங்கி நிற்கும் கேஸில் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் சுர்ரென்று ஆனது. செயற்கை சோடாவின் தொடக்கம் அதுதான். பின்னாளில் 1870-களில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த பாட்டில்தான், உள்ளே இருக்கிற கேஸே கோலியை மேலே தள்ளி அடைத்துக்கொள்ளும் நம்ம கோலி சோடா பாட்டில்.

பாட்டிலில் கேஸ் ஏற்ற இரண்டே பாதை. ஒன்று, யீஸ்ட்டுக்குச் சர்க்கரை கொடுத்து அதையே செய்ய வைப்பது. இன்னொன்று, சோடா கம்பெனிபோல சிலிண்டரிலிருந்து கேஸை நாமே ஏற்றுவது. கீழே பார்க்கப்போகிற 4 வழிகளும் இந்த இரண்டுக்குள் அடக்கம்.

எவ்வளவு கேஸ் வேணும்?

இதற்கு 'வால்யூம்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1 லிட்டர் பீரில் 1 லிட்டர் கேஸ் கரைந்திருந்தால் அது 1 வால்யூம். எடையில் சுமார் 2 கிராம்.

* பிரிட்டிஷ் பாரம்பர்ய ஏல்: 1.5 முதல் 2 வரை. மெல்லிய நுரை.
* அமெரிக்கன் ஏல், லாகர்: 2.2 முதல் 2.7 வரை. நமக்குப் பழகிய சுர்ர் இதுதான்.
* ஜெர்மன் கோதுமை பீர்: 3.3-லிருந்து 4-க்கு மேலும் போகும். அதனால்தான் அதற்கு உயரமான கிளாஸ்.

இதில் கவனிக்க வேண்டியது, நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே கொஞ்சம் கேஸ் இருக்கும். 20 டிகிரியில் நொதித்தது என்றால் சுமார் 0.85 வால்யூம். குளிர்ச்சியாக நொதித்த லாகரில் இன்னும் அதிகம். அதைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் சர்க்கரை.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை போட்டால் சுமார் 1 வால்யூம் கூடும். உங்கள் கையில் 20 லிட்டர் பீர், இலக்கு 2.4 வால்யூம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.4-லிருந்து 0.85 போனால் 1.55. லிட்டருக்கு 6 கிராம். மொத்தம் 120 கிராம் சாதாரண வெள்ளைச் சர்க்கரை. அவ்வளவுதான். ஹோம்ப்ரூ கடையில் விற்கிற டெக்ஸ்ட்ரோஸ் என்றால் அதில் கொஞ்சம் ஈரம் சேர்ந்திருப்பதால் 137 கிராம் வரை தேவைப்படும்.

20 லிட்டருக்கு வெறும் 120 கிராம்! ஒரு டீ டம்ளர்கூட நிறையாத சர்க்கரைதான் 60 பாட்டிலுக்கும் கேஸ் கொடுக்கிறது. அதனால் 'ஒரு கை அள்ளிப் போடு' என்கிற சமையல் இங்கே ஆகாது. டிஜிட்டல் தராசு கட்டாயம்.

எந்த வழியாக இருந்தாலும் முதலில் இரண்டு கேள்வி

1. நொதித்தல் நிஜமாவே முடிந்துவிட்டதா?

பாட்டில் வெடிப்பதற்கு முக்கியக் காரணம், முடியும் முன்னரே அடைத்துவிடுவது. மேலே குமிழ் வருவது நின்றுவிட்டது என்பதை நம்பவே நம்பாதீர்கள். யீஸ்ட் மெதுவாக இன்னும் வேலை செய்துகொண்டிருக்கலாம். பார்க்க வேண்டியது ஹைட்ரோமீட்டரை. பாலில் தண்ணீர் கலந்திருக்கா என்று பார்க்க லாக்டோமீட்டரை மிதக்க விடுவார்கள் இல்லையா, அதே குடும்பத்துக் கருவிதான். சர்க்கரை அதிகம் இருந்தால் மேலே மிதக்கும், குறையக் குறைய உள்ளே இறங்கும். 1.050-ல் ஆரம்பித்த பீர் 1.010 பக்கம் வந்து நிற்கும் என்று வையுங்கள். இரண்டு, மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல் ஒரே எண்ணில் நின்றால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

ஏன் இவ்வளவு கறார்? அந்த எண்ணில் 0.001 இறங்க மிச்சம் இருந்தாலே அது பாட்டிலுக்குள் சுமார் அரை வால்யூம் கேஸாக மாறும். 1.010-க்கு வர வேண்டிய பீரை 1.014-லேயே அடைத்தால் 2 வால்யூம் கூடுதல். நீங்கள் 2.4 என்று கணக்குப் போட்டது 4.4 ஆகிவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. பாட்டிலுக்குத் தெரியும்.

2. இந்த பாட்டில் தாங்குமா?

2.5 வால்யூம் பீர் 20 டிகிரியில் பாட்டிலுக்குள் கொடுக்கிற அழுத்தம் கிட்டத்தட்ட ஒரு கார் டயரின் காற்றழுத்தம். அதே பாட்டில் 35 டிகிரி அறையில் இருந்தால் அழுத்தம் ஒன்றரை மடங்கைத் தாண்டும். பீருக்காகவே செய்த தடித்த பிரவுன் பாட்டில் இதைத் தாங்கும். ஒயின் பாட்டில், ஜூஸ் பாட்டில், ஜாம் ஜார், இன்ஸ்டாவில் அழகா தெரிகிற சதுர பாட்டில் எதுவும் தாங்காது. கீறல், விளிம்பில் சில்லு போன பழைய பாட்டிலும் வேண்டாம். கோதுமை பீர் அளவுக்கு கேஸ் ஏற்றப்போகிறீர்கள் என்றால் அதற்கென வருகிற கனமான பாட்டில்தான் சரி.

முதல் தடவையா? பிளாஸ்டிக் பெட் பாட்டிலில் ஆரம்பியுங்கள். அழுத்திப் பார்த்தாலே உள்ளே கேஸ் எவ்வளவு என்று தெரியும். அளவு மீறினால் உப்பிக் காட்டிக்கொடுக்கும், கண்ணாடிச் சில்லாகப் பறக்காது. மாதக்கணக்கில் வைத்தால் பிளாஸ்டிக் வழியாக ஆக்சிஜன் மெல்ல உள்ளே போகும் என்பதுதான் குறை. சீக்கிரம் குடிக்கிறவர்களுக்கு அது பிரச்னையே இல்லை.

இரண்டு கேள்விக்கும் 'ஆமாம்' என்றால், இப்போது வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

வழி 1: மொத்தமாகச் சர்க்கரை கலப்பது

உலகம் முழுக்க ஹோம்ப்ரூ ஆசாமிகள் அதிகம் நம்புவது இதைத்தான். 120 கிராம் சர்க்கரையை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவிடுங்கள். சுத்தம் செய்து கிருமி நீக்கிய இன்னொரு பக்கெட்டில் அந்தப் பாகை ஊற்றி, அதன் மேல் பீரை டியூப் வழியாக இறக்குங்கள். டியூபின் முனை அடியில் இருக்கட்டும். பீர் சுழன்றுகொண்டே நிரம்பும்போது பாகு தானாகக் கலக்கும். கடைசியில் ஒரு நீளக் கரண்டியால் மெதுவா, நுரை வராமல் கிளறினால் போதும். டீ ஆற்றுவதுபோல தூக்கி ஊற்றினால் ஆக்சிஜன் கலந்து, சில வாரத்தில் ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்துவிடும்.

பிறகு பாட்டில்களில் ஊற்றி, மேலே சுமார் 2 விரல் இடைவெளி விட்டு மூடி அடிக்க வேண்டியதுதான்.

பிளஸ்: செலவே இல்லை. எல்லா பாட்டிலிலும் ஒரே அளவு. எந்த வகை பீருக்கும் அளவை மாற்றிக்கொள்ளலாம்.

மைனஸ்: கூடுதலாக ஒரு பக்கெட் வேணும். சரியாகக் கலக்கவில்லை என்றால் ஒரு பாட்டில் சப்பென்றும், இன்னொன்று பீறிட்டும் வரும். பக்கெட்டில் உண்மையில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று பார்க்க வேண்டியதும் முக்கியம். அடியில் வண்டல் போக 18 லிட்டர்தான் தேறியது என்றால் சர்க்கரையும் 108 கிராம்தான்.

வழி 2: பாட்டிலுக்கு ஒரு சர்க்கரை மிட்டாய்

'கார்பனேஷன் டிராப்ஸ்' என்று பார்க்க மிட்டாய் மாதிரியே விற்பார்கள். ஆஸ்திரேலியாவின் கூப்பர்ஸ் நிறுவனத்தின் டிராப்ஸ் என்றால் 375 மில்லி பாட்டிலுக்கு ஒன்று, 750 மில்லிக்கு இரண்டு. போடு, ஊற்று, மூடு. வேலை முடிந்தது.

பிளஸ்: தராசு, பாகு, இரண்டாவது பக்கெட் எதுவும் வேண்டாம். சும்மா 5 லிட்டர் செய்து பார்க்கிறவர்களுக்கும், முதல் முறை செய்கிறவர்களுக்கும் பெஸ்ட்.

மைனஸ்: அளவை மாற்ற முடியாது. மெல்லிய நுரை வேண்டிய பிரிட்டிஷ் ஏலுக்கும் அதே டிராப், கோதுமை பீருக்கும் அதே டிராப். 60 பாட்டிலுக்கு வாங்கினால் சர்க்கரையைவிடப் பல மடங்கு செலவு.

'டிராப்ஸ் எதுக்கு, ஸ்பூனில் சர்க்கரையே போட்டுடலாமே?' போடலாம். ஆனால் 330 மில்லி பாட்டிலுக்குத் தேவை வெறும் 2 கிராம். மட்டமாக வழித்த டீஸ்பூனில் பாதி. ஏதோ நினைப்பில் குவித்து ஒரு ஸ்பூன் போட்டால் 6 கிராம் தாண்டும். அந்த பாட்டில் 5 வால்யூமைக் கடந்துவிடும். பேசிக்கொண்டே 60 பாட்டிலுக்குப் போடும்போது ஏதோ ஒரு பாட்டிலுக்கு இரண்டு தடவை போடுவதும் நடக்கும். ஸ்பூன் முறையைத் தவிர்ப்பது நல்லது.

வழி 3: சர்க்கரையே வேண்டாம், ஜெர்மன் ஸ்டைல்

ஜெர்மனியில் 1516-ல் பவேரியா பகுதியில் வந்த சட்டம், பீரில் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் தவிர வேறு எதுவும் கூடாது என்றது. அந்த மரபில் வந்தவர்கள் வெளிச் சர்க்கரையைப் போட மாட்டார்கள். அதற்குப் பதில், காய்ச்சிய நாளன்றே யீஸ்ட் போடும் முன் மால்ட் கஷாயத்தில் கொஞ்சத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். பாட்டிலில் அடைக்கும்போது அதைக் கொடுப்பார்கள். ஜெர்மன் மொழியில் அதற்குப் பெயர் 'ஷ்பைஸே'. அர்த்தம், உணவு. யீஸ்ட்டுக்குக் கட்டி வைத்த டிபன் என்று எடுத்துக்கொள்ளலாம்!

நம் உதாரண பீருக்கு (1.050-ல் தொடங்கி 1.010-ல் முடிவது, 20 லிட்டர், 2.4 வால்யூம்) சுமார் ஒன்றரை லிட்டர் கஷாயம் எடுத்து ஃப்ரீசரில் வைக்க வேண்டும். அடைக்கும் நாளில் திரும்பக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வழி 1-ல் சொன்னபடியே கலக்க வேண்டும்.

பிளஸ்: பீரின் பொருளே பீருக்குள் போகிறது. வெளியிலிருந்து எதுவும் இல்லை.

மைனஸ்: ஒவ்வொரு தடவையும் கணக்கு மாறும். கஷாயம் கெட்டுப்போனால் மொத்த பீரும் காலி. வழி 1 நாலைந்து முறை கைவந்த பிறகு இதற்கு வாருங்கள். மற்றபடி ருசியில் பெரிய மாயம் எதிர்பார்க்க வேண்டாம். இவ்வளவு சிறிய அளவு வெள்ளைச் சர்க்கரை ருசியை மாற்றுவதில்லை.

வழி 4: சோடா கம்பெனி ஸ்டைல்

இங்கே யீஸ்ட்டுக்கு வேலையே இல்லை. பீரை 19 லிட்டர் ஸ்டீல் கெக்கில் ஊற்றி, குளிரவைத்து, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை இணைத்துவிட வேண்டும். அந்த கெக், ஒருகாலத்தில் கூல்டிரிங்க்ஸ் கம்பெனிகள் சிரப் அனுப்பப் பயன்படுத்தியது. 4 டிகிரி குளிரில் 12 பி.எஸ்.ஐ அழுத்தம் வைத்தால் ஒன்று, இரண்டு வாரத்தில் சுமார் 2.5 வால்யூமில் வந்து நிற்கும். ரெகுலேட்டரில் வைத்த அழுத்தத்துக்கு மேல் ஏறாது என்பதுதான் இதன் பெரிய பலம்.

பிறகு பாட்டிலுக்கு மாற்ற, கேஸ் வெளியேறாமல் நிரப்புகிற தனிக் கருவி வேணும். சாதாரண குழாயில் பிடித்தால் பாதி நுரையாகப் போய்விடும். பாட்டில்களையும் முன்கூட்டியே ஃப்ரிட்ஜில் குளிரவைப்பது அவசியம்.

பிளஸ்: அளவு துல்லியம். கூடிவிட்டால் குறைக்கலாம், குறைந்தால் கூட்டலாம். பாட்டிலின் அடியில் வண்டல் அவ்வளவாக இருக்காது.

மைனஸ்: கெக், சிலிண்டர், ரெகுலேட்டர், தனி ஃப்ரிட்ஜ் என்று செலவு எகிறும். பாட்டிலில் நொதிக்கும்போது உள்ளே மாட்டிய ஆக்சிஜனில் கொஞ்சத்தை யீஸ்ட்டே எடுத்துக்கொள்ளும். இதில் அந்த வசதி இல்லை என்பதால் சீக்கிரம் குடித்துவிட வேண்டும். முக்கியமாக, காற்றோட்டம் இல்லாத குட்டி அறையில் சிலிண்டர் லீக் ஆனால் மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்து. இந்த கேஸுக்கு நம்மை எச்சரிக்கிற வாசனை கிடையாது.

அடைத்த பிறகு என்ன?

முதல் மூன்று வழிகளிலும் பாட்டில்கள் 18 முதல் 24 டிகிரியில், வெளிச்சம் படாமல் இரண்டு வாரம் இருக்கட்டும். மார்கழிக் குளிரில் மாவு பொங்காமல் சண்டித்தனம் பண்ணுமே, அதேதான் இங்கேயும். அறை ரொம்பக் குளிர்ச்சியாக இருந்தால் யீஸ்ட் தூங்கிவிடும். 'கேஸே ஏறலை' என்று நினைத்துத் திறந்து, கூடச் சர்க்கரை போட்டுவிடாதீர்கள். அது பின்னாடி வெயில் வரும்போது வட்டியோடு திரும்பும். சூடான இடத்துக்கு மாற்றி இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

அட்டைப்பெட்டியைவிட, மூடி போட்ட தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பது நல்லது. ஒன்று வெடித்தாலும் சில்லு வெளியே வராது. குழந்தைகள் விளையாடுகிற ஹால், பூனை சுற்றுகிற மூலை, கார் டிக்கி, பால்கனி வெயில் எல்லாம் கூடாது.

ஒரு பெட் பாட்டிலையும் எல்லா பேட்ச்சிலும் சேர்த்து அடையுங்கள். கண்ணாடி பாட்டில்களுக்குள் என்ன நடக்கிறது என்று அது வெளியே சொல்லும். கல் மாதிரி இறுகியதும் ஒன்றை இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைத்துத் திறந்து பாருங்கள். குளிரில்தான் கேஸ் பீருக்குள் நன்றாகக் கரையும். ஊற்றும்போது அடியில் இருக்கிற வண்டலை பாட்டிலிலேயே விட்டுவிடலாம். கோதுமை பீரில் மட்டும் சிலர் அதையும் சுழற்றி ஊற்றிக்கொள்வார்கள்.

கேஸ் அதிகமாகிவிட்டால்?

திறந்ததும் பாதி பீர் கூரைக்குப் போகிறதா? ஒரு பாட்டில் ஏற்கெனவே வெடித்துவிட்டதா? மற்ற பாட்டில்களும் அதே நிலையில்தான் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் கையால் தூக்கக் கூடாது. கண்ணுக்கு முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குத் தடித்த கையுறை, முழுக்கை சட்டை. பாட்டில் மேல் தடிமனான துண்டு. முடிந்தால் டப்பாவோடு அப்படியே குளிரான இடத்துக்கு நகர்த்துங்கள். குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும். நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து கேஸை விடலாம். ஒரு பேட்ச் பீரைக் காப்பாற்ற ஒரு கண்ணைப் பணயம் வைக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் திறந்து கொட்டிவிடுங்கள்.

சர்க்கரை சரியான அளவு, நொதித்தலும் முடிந்தது, ஆனாலும் மாதங்கள் கழித்து பீறிட்டால்? சுத்தம் சரியில்லாமல் வேறு நுண்ணுயிர் உள்ளே புகுந்திருக்கலாம். சாதாரண யீஸ்ட் தொடாத சர்க்கரையைக்கூட அவை மெல்லத் தின்னும். பாட்டிலின் அடியில் காய்ந்த அழுக்கு, டியூபுக்குள் பழைய பிசுக்கு இரண்டும்தான் வழக்கமான குற்றவாளிகள்.

கொம்புச்சா, ஜிஞ்சர் சோடா பார்ட்டிகளுக்கு

இரண்டாவது முறை நொதிக்கப் பழச்சாறு ஊற்றி மூடுகிறீர்களே, அதுதான் உங்கள் பிரைமிங் சர்க்கரை. பீரில் சர்க்கரை தீர்ந்த பிறகு அளந்து போடுகிறார்கள். உங்கள் பாட்டிலிலோ ஏற்கெனவே நிறைய சர்க்கரை மிச்சம் இருக்கிறது. அது தீரும்வரை கேஸ் ஏறிக்கொண்டேதான் இருக்கும். நம்ம ஊர் வெயிலில் ஒரே நாளில்கூட எகிறிவிடும். ஸோ, பெட் பாட்டிலில் போடுங்கள், இறுகியதும் உடனே ஃப்ரிட்ஜ், உள்ளே வைத்த பிறகும் வெளியே எடுத்து மறந்துவிடாதீர்கள். ஃப்ரிட்ஜ் யீஸ்ட்டைத் தூங்கத்தான் வைக்கும், கொல்லாது.

சரி, உங்களுக்கு எது?

* முதல் தடவை, சின்ன பேட்ச்: பெட் பாட்டில் + டிராப்ஸ்.
* அடிக்கடி செய்கிறீர்கள், பட்ஜெட் முக்கியம்: மொத்தமாகச் சர்க்கரை கலப்பது. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.
* கணக்கும் மரபும் பிடிக்கும்: ஷ்பைஸே.
* இடம், காசு, பொழுது மூன்றும் இருக்கிறது: கெக்.

எதை எடுத்தாலும் வரிசை மாறக் கூடாது. முதலில் ஹைட்ரோமீட்டர், அடுத்து பாட்டில், அதன் பிறகுதான் சர்க்கரை. டிராப்ஸா, பாகா, கெக்கா என்ற சண்டையில் தோற்றால் பீர் கொஞ்சம் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். முதல் இரண்டில் தோற்றால் ராத்திரி இரண்டு மணிக்கு சமையலறையில் 'டமார்' கேட்கும்.

(மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு. வீட்டில் காய்ச்சினாலும் அது மதுதான்!)